அளவுகளின் ஆயுள்

மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாகத் திருப்பாலைவனத்துக்குப் போகும் சாலையில் ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்தாலும், அந்த வட்டாரத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய மாறுதலை ஒருவரும் காண முடியாது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆதியில் கொண்டுவந்து சேர்த்த மணற்படுகைகளில் தேங்கியிருந்த நன்னீரை, வயலுக்கும் ஆலைக்கும் சென்னை நகரத்துக் குழாய்களுக்குமாகப் பல்லாண்டுக் காலம் இறைத்துக்கொண்டே வந்ததன் பலனாக, வங்கக் கடலின் உப்புநீர் நிலத்துக்கடியில் புகுந்து மேற்கு நோக்கி நகரத் தொடங்கிற்று. 1960-களின் இறுதியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உவர், 1980-களின் தொடக்கத்தில் சுமார் 9 கிலோமீட்டரை எட்டிவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய வேகம் இது. எந்தக் குடியானவருடைய கிணற்றிலும் நேற்றைய நீருக்கும் இன்றைய நீருக்கும் நாக்கால் பேதம் கண்டுபிடிக்க இயலாத வேகம்! இதே வட்டாரத்துக் கடற்கரையில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் ஆலையொன்றை 2010-ஆம் ஆண்டில் திறந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இயற்கை இலவசமாகக் கொடுத்ததைத் தீர்த்துவிட்டு, மின்சாரம் செலவழித்து அதையே திரும்பவும் தயாரிக்கிறோம்.

கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத இந்த நகர்ச்சி எப்படித் தெரியவந்தது என்று கேட்டால், குறிப்பேடுகளால் தெரியவந்தது என்பதே விடை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தேசமெங்கும் உள்ள தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. எஃகு நாடாவின் நுனிப்பகுதியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலே எடுத்ததும் சுண்ணம் எதுவரை நனைந்து நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்து, முழு நீளத்திலிருந்து அதைக் கழித்து ஏட்டில் எழுதுகிற பழைய முறைக்குச் சமமான எளிமையும் நம்பகமும் பல நவீன யந்திரங்களுக்கு வாய்ப்பதில்லை. அந்த ஏட்டில் சில சென்டிமீட்டர் குறைந்தால் என்ன என்று அலட்சியம் செய்யவும் கூடாது. கடற்கரை நிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், அது தன் பாரத்தினால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரை எதிர்த்துத் தாங்கி நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இரு ஐரோப்பிய அறிஞர்கள் தனித்தனியே கண்டறிந்த நியதி. மேலே 1 சென்டிமீட்டர் குறைவது, கீழே 40 சென்டிமீட்டர் உப்பு உயர்வதற்கு இடம் கொடுப்பதாகும்.

2016-இல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டத்தின் கீழ், நாட்டின் பல கிணறுகளில் சுண்ணம் தேய்த்த நாடாவின் வேலையைத் தானியங்கி மட்டப்பதிவுக் கருவி மேற்கொண்டது. பார்ப்பதற்கு அது பெரிய சமாசாரமல்ல: ஆழ்துளைக் குழாயின் வாயில் பூட்டிய ஒரு மூடி, அதிலிருந்து நீருக்குள் தொங்கும் ஒரு கம்பிவடம், வடத்தின் நுனியில், தன் தலைக்கு மேல் நிற்கும் நீரின் அழுத்தத்தை உணரும் விரல் பருமனான ஓர் உலோகக் குழல், மூடிக்குள்ளே ஒரு பாட்டரி, சொற்பக் கொள்ளளவுள்ள ஒரு நினைவுச் சில்லு, கைப்பேசியில் போடுவது போன்ற ஒரு சிம். குறித்த இடைவெளியில் அழுத்தத்தை அளந்து, நீர்மட்டமாக மாற்றிச் சில்லில் எழுதிக்கொண்டு, பிறகு வாய்ப்பான வேளையில் தொலைவிலுள்ள தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுகிறது. அளப்பது இங்கே, காப்பது வேறெங்கோ என்று தொழிலை இரண்டாகப் பிரித்துவிட்ட இந்த ஏற்பாடுதான், நாம் இந்த அத்தியாயத்தில் விசாரிக்கப்போகும் பொருளின் சாரம். கிணற்றை விட்டுக் கணிப்பொறிக்கு வருவோம்.

வங்கி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம், தேர்வு முடிவு என்று நம் நித்திய வாழ்க்கையின் சகல காரியங்களையும் நடத்துகிற சர்வர் என்னும் கணிப்பொறிகளுக்கு, மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்குப் போலவே, இடைவிடாத கண்காணிப்பு நடக்கிறது. செயலி எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது, நினைவகத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது, வலைப்பின்னல் வழியே நொடிக்கு எத்தனை பைட் வருகிறது, போகிறது, உள்ளே வெப்பம் என்ன என்பன போன்ற நூற்றுக்கணக்கான அளவுகளை, 10 அல்லது 15 நொடிக்கு ஒரு முறை ஒரு சிறு நிரல் எடுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த அளவுகள் எடுத்த க்ஷணத்தில் மிகவும் விலைமதிப்புள்ளவை. ஒரு மணி நேரம் கழிந்தால் அவற்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓராண்டு கழிந்தபின் மறுபடியும் விலைமதிப்புள்ளவை ஆகிவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே தளத்தைத் தட்டுகிறார்கள். இந்த ஆண்டுக்கு எத்தனை கணிப்பொறிகளை ஆயத்தமாக வைக்க வேண்டும் என்று நிர்ணயிக்க விரும்புகிறவருக்கு, நேற்றைய அளவினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. சென்ற ஆண்டு அதே காலையின் அளவு வேண்டும். அதுபோலவே, பிழையுள்ள ஒரு நிரல் தான் வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் நாளொன்றுக்கு 0.2 சதவீதமாக விழுங்கிக்கொண்டிருந்தால், ஒரு நாள் வரைபடத்தில் அது நேர்கோடாகவே தெரியும். மூன்று மாத வரைபடத்தில்தான் 18 சதவீத ஏற்றம் கண்ணில் படும்.

ஆனால் சர்வரோ சுபாவத்தில் மறதிக்காரன். அளவுகளைத் தன் வட்டிலேயே சேர்த்துக்கொண்டு போனால் ஒரு நாள் வட்டு நிரம்பி, கண்காணிப்பே நோயாகிவிடும் என்ற அச்சத்தினால், மறதியை ஒரு கலையாகவே பொறியாளர்கள் வகுத்தார்கள். அக்கலையின் புகழ்பெற்ற உதாரணம், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் 1999-இல் வெளியிட்ட ஆர்ஆர்டி டூல் என்னும் சுழல் தரவுத்தளம்.

பழவேற்காட்டு ஏரியை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே மீனவக் கிராமங்களில் ‘பாடு’ என்றொரு தொன்மையான முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கணக்கானவை; வலை கட்ட உரிமையுள்ளவர்களோ அவற்றைவிட அதிகம்; ஆகையால் சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொண்டு, இன்று ஒருவர் கட்டிய இடத்தை நாளை மற்றொருவருக்கு விட்டுக் கொடுத்து, இடங்களைக் கூட்டாமலே எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். சுழல் தரவுத்தளத்திலும் இடங்கள் கணக்கானவை; கோப்பை உருவாக்கும்போதே இத்தனை அறைகள் என்று விதித்துவிடுகிறார்கள்; கடைசி அறை நிரம்பியதும், புதிதாக வரும் அளவு முதல் அறைக்குத் திரும்பி, அங்கிருந்த பழைய அளவை அழித்துவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. கோப்பு ஒரு பைட்கூடப் பெருப்பதில்லை. வித்தியாசம் என்னவென்றால், பாட்டு முறையில் இடம் விட்டவருக்கு மீண்டும் முறை வரும். இங்கே எழுந்து போன அளவு திரும்பி வருவதில்லை.

முற்றிலும் அழிப்பது கொடுமையாயிற்றே என்று, அழிக்குமுன் சராசரி எடுத்து வைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அண்மைக் காலத்துக்கு நிமிடக் கணக்கு, சென்ற மாதத்துக்கு மணிக் கணக்கு, சென்ற ஆண்டுக்கு நாள் கணக்கு என்று, பின்னோக்கிப் போகப் போக அளவுகளைச் சுருக்கிவிடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும் இந்தச் சராசரி செய்கிற அநியாயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 10 நொடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரத்தில் 360 அளவுகள். அவற்றில் 354 முறை செயலியின் வேலைப்பளு 10 சதவீதம். ஒரே ஒரு நிமிடம், அதாவது 6 முறை, 100 சதவீதம். அந்த ஒரு நிமிடத்தில் சர்வர் மூச்சுத் திணறியது. பணம் செலுத்திக்கொண்டிருந்தவர்களின் திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே நின்றது. தொலைபேசியில் புகார்கள் வந்தன. இந்த மணி நேரத்தின் சராசரி 11.5 சதவீதம். சில வாரம் கழித்து அந்த ஏட்டைப் புரட்டுகிற எந்தப் பரிசோதகரும், அமைதியான மணி நேரம் என்றே தீர்ப்பெழுதுவார். சராசரியோடு கூட அந்த மணியின் உச்ச அளவையும் ஒரு பத்தியில் எழுதி வைத்திருந்தால் 100 என்ற எண் உண்மையைக் காட்டிக் கொடுத்திருக்கும். ஆர்ஆர்டி டூலில் அந்த வசதியும் உண்டு. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள்தாம் குறைவு. சேமிப்பைச் சிக்கனம் செய்யும்போது எதை விடுகிறோம் என்பதைவிட, விட்டோம் என்பதன் அடையாளத்தைக்கூட விட்டுவிடுகிறோமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதற்குப் பிந்திய தலைமுறைக் கருவிகளும் இவ்விஷயத்தில் பெரிதாக மாறிவிடவில்லை. பெர்லினிலிருந்த சவுண்ட்கிளவுட் என்னும் இசை நிறுவனத்தில் 2012-இல் தொடங்கி, இன்று உலகெங்கும் பரவியிருக்கும் புரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் 15 நாள் அளவுகளையே வைத்துக்கொள்கிறது. ஒரே கணிப்பொறியை நம்பிய அச்சேமிப்பு நெடுங்காலத்துக்கு உரியதன்று என்பதை அதன் ஆசிரியர்களே ஒளிக்காமல் கூறி, தொலைவில் எழுதுதல் என்ற வழியையும் திறந்து வைத்திருக்கிறார்கள். பல மெய்நிகர் கணிப்பொறிகளை ஒரே இரும்புப் பெட்டிக்குள் குடியமர்த்தும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளும் அப்படியே: உள்ளூர் உபயோகத்துக்குச் சுழல் தரவுத்தளம், நீண்டகாலச் சேமிப்பு வேண்டுவோருக்கு, கிராஃபைட் அல்லது இன்ஃப்ளக்ஸ்டிபி என்னும் வெளித் தரவுத்தளத்துக்கு அளவுகளை அனுப்பும் வழி.

வெளியே அனுப்புவதற்கு வட்டின் இடநெருக்கடி ஒன்றுதான் காரணம் என்று நினைத்தால், விஷயத்தின் பாதியைத்தான் கண்டவர்களாவோம். ஒரு சர்வர் திடீரென்று மாண்டுபோனால், அது ஏன் மாண்டது என்று சொல்லக்கூடிய சாட்சியம் அதன் வட்டிலேயே இருந்து அதனுடனேயே அழிந்துவிடும்; கடைசிப் பத்து நிமிடத்து அளவுகள் வேறொரு இடத்தில் இருந்தால்தான் பிரேதப் பரிசோதனை சாத்தியம். மற்றொரு காரணமும் உண்டு. அதற்கு உதாரணம் காட்டூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அத்திப்பட்டில் வானளாவி நிற்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் போன்றவற்றிலிருந்து என்ன வெளியேறுகிறது என்பதை, ஆலை அளந்து ஆலையே வைத்துக்கொண்டால் போதாது என்று கருதிய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அனல்மின் நிலையங்கள் உள்ளிட்ட 17 வகைத் தொழிற்சாலைகள் இடையறாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை உடனுக்குடன் வாரியங்களின் சர்வர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 2014-இல் ஆணையிட்டது. அளக்கப்படுபவனும் கணக்கு வைப்பவனும் ஒருவனேயாக இருக்கும் இடத்தில் கணக்குக்கு மதிப்புக் குறைவு என்பது, யந்திரத்துக்கும் மனிதனுக்கும் பொதுவான நீதி.

அனுப்புகிற விதத்தை ஒரு முறை கிட்ட நின்று பார்த்துவிடுவோம். ஆர்பிட்ஸ் என்னும் பயண நிறுவனத்தில் பிறந்த கிராஃபைட் தரவுத்தளத்துக்கு அளவை அனுப்ப வேண்டுமானால், ஒரே ஒரு வரி போதும்: அளவின் பெயர், அதன் மதிப்பு, நேரம். தமிழில் எழுதிக் காட்டினால் ‘காட்டூர்.கிணறு7.நீர்மட்டம் 4.31 1718000000’ என்பதுபோல் இருக்கும். கடைசியிலுள்ள பத்திலக்க எண், 1970 ஜனவரி 1 நள்ளிரவு கிரீன்விச் நேரத்திலிருந்து கழிந்த நொடிகளின் தொகை. அதை நம் பஞ்சாங்கத்துக்கு மாற்றினால் 2024 ஜூன் 10, இந்திய நேரம் காலை 11 மணி 43 நிமிடம் 20 நொடி என்று வரும். இந்த வரியை இரண்டு மார்க்கங்களில் அனுப்பலாம். டிசிபி என்ற மார்க்கத்தில், பெற்றுக்கொண்டேன் என்று மறுமுனை ஒப்புக்கொள்ளும்வரை அனுப்புகிறவன் விடுவதில்லை. யுடிபி என்ற மார்க்கத்தில், அனுப்பியதோடு சரி. போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கமே இல்லை. கண்காணிக்கும் வேலை கண்காணிக்கப்படும் சர்வருக்குப் பாரமாகக் கூடாதென்று பலர் பின்னதை விரும்புகிறார்கள். அன்றாட வரைபடத்துக்கு அது போதும். பத்தாண்டு ஏட்டுக்கு நான் முன்னதையே சிபாரிசு செய்வேன்.

வழி அறுந்துபோனால் என்ன செய்வது? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையேறியபோது, மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்து, சுற்றுவட்டாரம் முழுவதும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நிலைகுலைந்ததை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். அளவுகள் மிகவும் வேண்டப்படும் நாளும், அவற்றை அனுப்ப முடியாத நாளும் பெரும்பாலும் ஒரே நாளாகத்தான் அமைகின்றன. கிணற்றுக் கருவி தன் சில்லில் எழுதிக்கொண்டே இருந்து, தொடர்பு மீண்டதும் பாக்கியை அனுப்பிவிடும். புரோமீதியஸும், அனுப்பாத அளவுகளைத் தன் முன்பதிவுக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து மீண்டும் மீண்டும் முயலும்; ஆனால் அக்குறிப்பேடு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும்; மறுமுனை அதற்கு மேல் வாய் மூடியிருந்தால், அனுப்பாதவை அங்கே போய்ச் சேராமலே நின்றுவிடும். புயற்காற்றுக்கு இரண்டு மணி நேரம் எம்மாத்திரம்! ஆகவே, கடற்கரை நிலையங்களில் இடையில் ஒரு வரிசைக் கிடங்கு வைத்து, சில நாட்களுக்குரிய பாக்கியைத் தாங்கும்படி செய்வது பரிகாரமாகும்.

அப்படியும் இடைவெளி விழுந்தால் விழட்டும். அதைப் பூச்சியத்தால் நிரப்பாதிருந்தால் போதும். நீர்மட்டம் பூச்சியம் என்பது ஒரு செய்தி. நீர்மட்டம் தெரியாது என்பது வேறொரு செய்தி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட ஏட்டிலிருந்து சராசரி எடுத்தால், புயல் நாட்களில் சர்வர்களெல்லாம் ஓய்வெடுத்தன என்ற அபத்தமான முடிவு கிடைக்கும்.

எல்லாவற்றையும் சுருக்காமல் வைத்துக்கொண்டால் இடம் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கையும் பார்க்கலாம். 10 நொடிக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 31,53,600 அளவுகள். நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட் என்று 16 பைட் வீதம் ஏறத்தாழ 5 கோடி பைட். ஆயிரம் வகை அளவுகளுக்கு 5,000 கோடி பைட். இதைக் குறைப்பதற்குப் பேஸ்புக் நிறுவனப் பொறியாளர்கள் 2015-இல் கொரில்லா என்ற தரவுத்தளத்தைப் பற்றிய கட்டுரையில் விவரித்த யுக்தி மிகவும் அழகானது. அளவுகள் ஒரே சீரான இடைவெளியில் வருகின்றன. ஆகவே நேரத்தை எழுதாமல், ஒரு இடைவெளிக்கும் அடுத்த இடைவெளிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதினால், அது பெரும்பாலும் பூச்சியம். பூச்சியத்துக்கு ஒரே ஒரு பிட் போதும். அவர்கள் பார்த்த நேரக் குறிப்புகளில் சுமார் 96 சதவீதம் அப்படி ஒரு பிட்டில் அடங்கிவிட்டன. மதிப்புகளிலும் ஏறக்குறையப் பாதி முந்திய மதிப்பேயாக இருந்தன. அவற்றுக்கும் ஒரு பிட். 16 பைட் சராசரியாக 1.37 பைட்டாகச் சுருங்கிற்று. ஒன்றையும் இழக்காத சுருக்கம் இது. சராசரியைப் போல உச்சத்தை விழுங்குவதல்ல. நம் 5,000 கோடி பைட், இந்தக் கணக்கில் சுமார் 430 கோடியாகிவிடும். சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே அதைத் தாங்கும். மாறாதவற்றை எழுதச் செலவில்லை, மாறுதலை எழுதத்தான் செலவு என்ற இந்த உண்மை புலப்பட்டபின், இடமில்லை என்று சொல்லி அளவுகளை அழிப்பதற்கு இருந்த பழைய நியாயம் பெரிதும் வலுவிழந்துவிட்டது. ஆயினும் தேடும் நேரமும் செலவுதான்; ஆகையால் பதினைந்து நாளைக்கு 10 நொடி வீதமும், ஓராண்டுக்கு 5 நிமிட வீதமும், அதற்கப்பால் மணிக்கொரு சராசரி, உச்சம், நீசம் என்ற மூன்று எண்களுமாக வைத்துக்கொள்வது பெரும்பாலான நிலையங்களுக்கு உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

எண்களைக் காப்பாற்றிவிட்டு, அவற்றின் பொருளை இழந்துவிடுவதும் நடக்கக்கூடியதே. கிணற்றின் 4.31 மீட்டர் தரையிலிருந்தா, கிணற்று மேடையின் விளிம்பிலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா என்று எழுதி வைக்காவிட்டால், மேடையைப் பூசி உயர்த்திய ஆண்டில் நீர்மட்டம் தாழ்ந்ததாக ஏடு பொய் சொல்லும். சர்வரிலும் அப்படியே: 8 மையமுள்ள செயலியை எடுத்துவிட்டு 32 மையமுள்ளதை வைத்த நாளில், வேலைப்பளு நாலில் ஒன்றாகக் குறைந்ததுபோல் தோன்றும், மாற்றிய தேதியைக் குறித்து வைத்தவனுக்கே அதன் காரணம் விளங்கும். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானிலையத்தின் பதிவுகளும், அதன் வழிவந்த, 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கண்ணாடித் தகடுகளும் இன்றைக்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுவதன் காரணத்தில் ஒரு பங்கு, எந்தக் கருவியால், எந்த நாளில், எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்பைக் கூடவே எழுதி வைத்த அந்த உத்தியோகஸ்தர்களின் சிரத்தை. நூற்றாண்டைத் தாண்டிய அத்தகடுகளை அண்மைக் காலத்தில் எண்முறைப் படங்களாக மாற்றியபோது, படிப்பதற்கு வெளிச்சமும் கண்ணும் போதுமாயிருந்தன.

மென்பொருளில் எழுதிய ஏட்டுக்கு அந்த வசதி இல்லை. இன்ஃப்ளக்ஸ்டிபி பிறந்தது 2013-இல். அதன் முதல் பதிப்பில் ஒரு வினாமொழி. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஃப்ளக்ஸ் என்று புதிதாக ஒன்று. மூன்றாம் பதிப்பில் அதைக் கைவிட்டுப் பழைய மொழிக்கும் பொதுவான எஸ்கியூஎல்லுக்கும் திரும்பிவிட்டார்கள். பத்தாண்டுக்குள் இத்தனை மாறுதல் என்றால், முப்பதாண்டு ஏட்டைத் தனியொரு மென்பொருளின் உட்கட்டமைப்பில் மட்டும் விட்டுவைப்பது விவேகமாகாது. வெளித் தரவுத்தளம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, ஆண்டுக்கு ஒரு முறை, மணிக்கணக்குத் தொகுப்பை மட்டுமாவது பெயர், நேரம், மதிப்பு, அலகு என்று காற்புள்ளி இட்ட வெறும் எழுத்துக்கோப்பாக வெளியே எடுத்து, இரண்டு இடங்களில் வைத்துவிட வேண்டும். அவ்வாறு எடுத்த கோப்பிலிருந்து ஏதேனும் ஒரு பழைய நாளைத் தேர்ந்தெடுத்து, வரைபடம் வருகிறதா என்று அன்றைக்கே ஒரு முறை வரைந்தும் பார்த்துவிட வேண்டும்.